அடுத்தவர் வீட்டு இணைச்சீர்

அத்தியாயம் 19

குமரகுருவின் வெள்ளைக் கார் போன வாரம் பாஸ்டர் எலியேசரின் வாசலில் கிளப்பிவிட்டுப் போன புழுதி அடங்குவதற்குள், அந்த வீட்டில் பல வருஷமாக அசையாமல் இருந்த உபதேசம் ஒன்று அசைந்துகொடுத்துவிட்டது.

நடுவில் வந்து சேர்ந்தவர்களுக்காக இரண்டு வார்த்தை. ஏற்காட்டு மலைப்பாதை ஏறத் தொடங்கும் கொண்டப்பநாயக்கன்பட்டியில், பொட்டும் பூவும் நகையும் கூடாது என்கிற ஒரு ஜெப வீடு. அதை நடத்துகிறவர் எலியேசர். ஆதார் அட்டைக்கு இன்னும் கைலாசம்தான். அவர் மனைவி சபைக்கு டார்கஸ் அம்மா. பெற்றவர்கள் வைத்த பெயர் மரகதம், இளம்பிள்ளைத் தறிக்காரர் மகள். ஒரே பெண் பிரீத்தி ஒரு ஜவுளிக் கம்பெனியில் கணக்குப் பார்க்கிறாள்.

குமரகுரு இளம்பிள்ளையில் பெரிய கை. வரிசையாகத் தறிப்பட்டறைகள். போன வருஷம் அவர் மனைவி கந்தம்மாள் சேலத்து ஆஸ்பத்திரி ஒன்றில் மாதக்கணக்கில் கிடந்தபோது, வார்டு வார்டாக ஜெபிக்கப் போகிற மரகதம் அவள் கட்டிலருகே நின்றாள். அப்புறம் நிற்பது உட்காருவதாயிற்று. தலை வாரிவிட்டாள், உடம்பு துடைத்துவிட்டாள், போகும்போது ஒரு சங்கீதம் வாசித்துவிட்டுப் போனாள். கந்தம்மாள் எழுந்து நடந்தாள். அன்றிலிருந்து ஞாயிற்றுக்கிழமைகளில் ஜெப வீட்டு வாசலில் வெள்ளைக் கார்.

அன்றிலிருந்துதான் பாஸ்டருக்கும் குமரகுருவின் ஆத்துமாவைப் பற்றித் தாங்க முடியாத பாரம். புதுச் சபைக் கட்டடம் சுவர் எழும்பிக் கூரையில்லாமல் நிற்பதும் அந்தப் பாரத்தில் சேர்த்தி என்று சிலர் சொல்கிறார்கள். நாம் சொல்லவில்லை.

போன வாரம் குமரகுரு வந்தது மகன் சித்தார்த்தின் கல்யாணத்துக்கு அழைக்க. அழைத்துவிட்டு ஒரு விஷயம் கேட்டார். சித்தார்த்துக்குக் கூடப் பிறந்த பெண் இல்லை. இணைச்சீருக்கு யார் நிற்பது என்று பங்காளி வீடுகளில் சண்டை. 'மரகதத்தோட புள்ள நிக்கட்டும், எல்லாரும் வாயை மூடிக்குவாங்க' என்று கந்தம்மாள் சொல்லிவிட்டாளாம்.

இணைச்சீர் என்பது மாப்பிள்ளைக்கு உடன்பிறந்தவள் செய்கிற சீர். தாலி கட்டுவதற்கு முன்னால் அலங்காரத்தோடு அண்ணன் தம்பி பக்கத்தில் வந்து நிற்பாள். கொசுவின கூறைச் சேலையின் ஒரு முனை மாப்பிள்ளையின் கக்கத்தில்; மறுமுனை அவள் கையில். இவள் நின்றால்தான் அவன் கல்யாணம் நிறைகிறது என்பது ஐதீகம்.

பாஸ்டர் "அதுக்கென்னங்க, ஒரே சனந்தானுங்க நம்ம" என்று உடனே சொல்லிவிட்டார். கிறிஸ்துவுக்குள் சாதியில்லை என்று அவர் பிரசங்கம் பண்ணின ஞாயிற்றுக்கிழமைக்கும் அந்தச் செவ்வாய்க்கிழமைக்கும் நடுவில் ஒரு திங்கட்கிழமைதான் இருந்தது. அடுப்படியில் நின்ற மரகதம் சர்க்கரை போட்ட காப்பிக்கே மறுபடி சர்க்கரை போட்டாள். அவள் நினைப்பு ஒரே ஒரு ஆளிடம் போயிருந்தது. அந்த ஆள் அவளோடு பேசி இருபது வருஷத்துக்கு மேல் ஆகிறது.

இனி வெள்ளிக்கிழமைக் காலை.

"இந்தா புள்ளே, இதப் புடி" என்று பாஸ்டர் ஒரு பிளாஸ்டிக் கவரை நீட்டினார்.

மரகதம் பிரித்தாள். ஒரு அட்டை ஸ்டிக்கர் பொட்டு. ஒரு முழம் மல்லிகை. கண்ணாடிக் காகிதத்துக்குள் பளபளவென்று ஒரு கவரிங் தாலிச் சங்கிலி.

"இதென்னங்க?"

"போட்டுக்க. அங்க அத்தனை சனம் வரும். நீ வெறும் நெத்தியோட போய் நின்னா, யாருக்கு என்னாச்சுன்னு கேப்பாங்க. சொல்ல வந்த சுவிசேஷம் வாசப்படி தாண்டாது."

"பொட்டு வெக்கறது…"

"அது கலாச்சாரம் புள்ளே. விக்கிரகம் வேற, கலாச்சாரம் வேற." பாஸ்டர் தொண்டையைச் செருமினார். வீட்டுப் பேச்சு போய் மேடைப் பேச்சு வந்தது. "பவுல் அப்போஸ்தலன் என்ன செய்தார்? யூதனிடத்தில் யூதனைப் போலானார். நமக்குச் சுதந்திரம் உண்டு. ஆனால் ஒரு ஆத்துமாவுக்காக அந்தச் சுதந்திரத்தை விட்டுக்கொடுக்க வேண்டும். அதுதான் ஊழியம்!"

எதிரே சபை இல்லை. அடுப்பில் பால்தான் பொங்கியது.

மரகதம் அந்தச் சங்கிலியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்கும் ஒரு தாலி இருந்தது. தங்கம். இளம்பிள்ளை மண்டபத்தில் மேளம் கொட்டக் கட்டியது. பிரீத்தி வயிற்றில் இருந்தபோது கைலாசம் எலியேசரானார். ஞானஸ்நானத்துக்கு முந்தின நாள், "இது சங்கிலி இல்ல, கட்டு" என்று சொல்லி அவரே கழற்றினார். அது ஜெப வீட்டின் முதல் கீபோர்டாக மாறி, இரண்டு மழைக்காலம் வாசித்துவிட்டுக் கரையானுக்குப் போயிற்று. அழுதாள்தான். ஆனால் அழுகை நின்ற பிறகு, கர்த்தருக்காகத்தானே என்று மெய்யாகவே நம்பினாள். இன்றைக்கும் நம்புகிறாள். அவள் விட்டது எல்லாம் நம்பி விட்டது.

கட்டின தாலியைக் கழற்றிய அதே கை, இப்போது கடையில் வாங்கின தாலியைக் கவரோடு நீட்டுகிறது. கட்டிவிடக்கூட இல்லை.

"நீயே போட்டுக்க. எனக்கு வேட்டி தேய்க்கணும்" என்றார் பாஸ்டர்.

பிரீத்தி அறை வாசலில் சாய்ந்து நின்று இத்தனையையும் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"அப்பா, ஒரு சந்தேகம்."

"கேளு கண்ணு."

"அம்மா பொட்டு வெக்கறாங்க. நான் பட்டுக் கட்டி, பூ வெச்சு, சேலை முனையப் புடிச்சுட்டு நிக்கறேன். ஆத்துமாவுக்காக நீங்க எதை விடறீங்க?"

"நானா? பேன்ட்ட உட்டுட்டுப் பட்டு வேட்டி கட்டறேனில்ல?"

"திருநீறு?"

"ஊழியக்காரன் நெத்தியில அதெப்புடி புள்ளே!"

பாஸ்டர் முகத்தில் மெய்யான அதிர்ச்சி. நியாயமாகச் சொன்னால், இயேசுவுக்காக அவர் விட்டது ஒன்று உண்டு: வெற்றிலை. அந்த நேரத்தில் கடைவாய்ப் பல்லும் ஆடிக்கொண்டிருந்தது என்பது தனி விஷயம்.

அவர் இஸ்திரிப் பெட்டியோடு போன பிறகு பிரீத்தி அம்மா பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"நான் நிக்கட்டுமாம்மா? நீ சொல்லு."

"உன்ற இஷ்டம் சாமி."

"என்ற இஷ்டமா! பள்ளிக்கூடத்துல 'உங்க ஊட்டுல எழவா'ன்னு கேப்பாளுக. ஒரு கருகமணிகூட எனக்குக் கெடையாது. இப்ப ஒரே நாள்ல இஷ்டம் வந்துருச்சா?" பிறகு குரல் இறங்கியது. "கந்தம்மா அத்தை கேட்டாங்கன்னு நிக்கறேன். நல்லவங்க. ஆனா அந்த முனைய நீ புடிச்சிருக்கோணும்மா. சின்னராசு மாமா கல்யாணத்துல."

மரகதம் பொட்டு அட்டையிலிருந்து ஒன்றை நகத்தால் பெயர்த்தாள். பெயர்க்கும்போது சென்னியம்மாள் ஞாபகத்துக்கு வந்தாள்.

சென்னியம்மாள் ஜெப வீட்டைக் கூட்டிப் பெருக்குகிற விசுவாசி. பத்து வருஷத்துக்கு முந்தி சபைக் குழாயடியில் அவள் காதுத் தோட்டைச் சோப்புப் போட்டுக் கழற்றினது மரகதத்தின் கை. நெற்றிக் குங்குமத்தை அழித்ததும் இந்தக் கைதான். அதைப் பார்த்த புருஷன் வீட்டார் சென்னியம்மாளைச் சட்டிபானையோடு தெருவில் விட்டார்கள். "பரவால்லக்கா, பரலோகத்துல ஊடு இருக்குது" என்று சிரித்துக்கொண்டே வந்தாள் அவள்.

ஸ்டிக்கர் பொட்டுக்கு எடையே இல்லை. நெற்றியில் ஒட்டினபோது மரகதத்துக்குத் தலை கனத்தது.

*

இளம்பிள்ளை மண்டப வாசலில் சந்தனமும் கற்கண்டும் பன்னீரும்.

பட்டறைக்காரர், சாயக்காரர், சேலைக்கடைக்காரர் என்று ஊரே பட்டில் வந்திருந்தது. கந்தம்மாள் ஓடி வந்து மரகதத்தின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள். நெற்றியைப் பார்த்தாள், ஒரு கணம் தயங்கினாள்.

"நீங்க எப்பவும்போலயே வந்திருக்கலாமுங்க. நான் ஒண்ணும் நெனச்சிருக்க மாட்டேன்."

அதைக் கேட்டபோதுதான் மரகதத்துக்கு முதல்முதலாகக் கண் கலங்கியது. பொட்டு வேண்டுமென்று கேட்க வேண்டியவள் கேட்கவேயில்லை. கொடுக்க வேண்டாதவர் கொடுத்திருக்கிறார்.

பாஸ்டரை மேடைக்கு அழைத்தார்கள். அவர் கோட்டுப் பையில், மன்னிக்கவும், பட்டுச் சட்டைப் பையில் இரண்டு நிமிஷச் செய்தி ஒன்று தயாராக இருந்தது. ஜெபம் தனி. குமரகுரு மைக்கை வாங்கி, சம்பந்தி வீட்டாரை ஒரு பார்வை பார்த்து, தோளில் கை போட்டார்.

"இவரு நம்ம கைலாசம். பேமிலி பிரண்டு. மணமக்களை வாழ்த்துவாரு."

பாஸ்டர் மைக்கைப் பிடித்துக் கண்ணை மூடினார். கையைத் தூக்கினார். பாவம் தவில்காரர் என்ன கண்டார்? தூக்கின கையைப் பார்த்து, கெட்டிமேளத்துக்குச் சைகை என்று நினைத்து விளாசித் தள்ளிவிட்டார். மேளம் அடங்குவதற்குள் மைக் அடுத்த பெரியவர் கைக்குப் போயிருந்தது.

எல்லாரையும் போல ஆகிவிடுவதில் பாஸ்டர் அன்று முழு வெற்றி பெற்றார். மண்டபத்தில் அவர் யாரென்று ஒருவருக்கும் தெரியவில்லை.

முதல் பந்தி முடிகிற நேரத்துக்கு இணைச்சீருக்குக் கூப்பிட்டார்கள். பிரீத்தி மேடை ஏறினாள். மாம்பழக் கலர்ப் பட்டு, தலை நிறையப் பூ. யாரோ அவள் கையில் கூறைச் சேலை முனையைக் கொடுத்தார்கள். சித்தார்த் வெட்கப்பட்டுச் சிரித்து, "அம்மிணி, கெட்டியாப் புடிச்சுக்கங்க" என்றான். சனம் சிரித்தது.

மரகதம் தூண் ஓரத்தில் நின்று பார்த்தாள். அவள் விரல்கள் தன் முந்தானை முனையைப் பிடித்துக் கசக்கிக்கொண்டிருந்தன.

"அக்கா."

திரும்பினாள். சின்னராஜ். அவள் தம்பி. மீசை நரைத்திருந்தது. தறிச் சத்தத்தில் வாழ்கிறவர்கள் பேசுகிற மாதிரிக் கொஞ்சம் உரக்கப் பேசினான். குமரகுருவுக்குக் கூலிக்கு நெய்து கொடுக்கிறவன். கல்யாணத்துக்கு வராமல் இருப்பானா? வருவான் என்று அவளுக்குத் தெரியும். அதற்காகத்தான் அவள் பொட்டைக்கூட ஒட்டிக்கொண்டாள் என்று சொன்னால் பாதி உண்மை.

"சோறு உண்டாச்சா?"

"இல்ல சாமி. வெள்ளிக்கெழம உபவாசம்."

அவன் அவள் நெற்றியைப் பார்த்தான். கழுத்தைப் பார்த்தான். பூவைப் பார்த்தான்.

"பழையபடி திரும்பிட்டீங்களா?"

"இல்ல சின்னராசு."

"அப்ப இது?"

"குமரகுரு ஊட்டுக் கல்யாணத்துக்காக."

"குமரகுரு ஊட்டுக்காக" என்று அவன் ஒரு தடவை சொல்லிப் பார்த்துக்கொண்டான். மேடையைக் காட்டினான். "அங்க நிக்கறது உன்ற புள்ளதான?"

"ஆமா."

"என்ற கல்யாணத்துல நேரமாச்சு நேரமாச்சுன்னு எல்லாரும் கத்தறாங்க. எங்கக்கா வருவான்னு நான் வாசலையே பாத்துட்டு நிக்கறேன். கடைசியில பெரியப்பன் புள்ள ஓடி வந்து முனையப் புடிச்சா. இன்னும் ஆல்பத்துல பாரு, பக்கத்துல பொண்ணு நிக்குது, நான் வாசலத்தான் பாக்கறேன். என்ற பொண்டாட்டி இப்பவும் கேப்பா, யாரைத் தேடறீங்கன்னு."

"நான் வந்தேன்."

"என்னது?"

"வந்தேன் சாமி. மண்டபத்துக்கு எதுத்தாப்புல பஸ் ஸ்டாப்புல நின்னேன். பிரீத்தி இடுப்புல. மேளச் சத்தம் கேட்டுச்சு. உள்ள போகக் கூடாதுன்னுட்டாரு உன்ற மாமா. அது விக்கிரக ஆராதனைன்னாரு. அவரு வாசல்ல சுவிசேஷ நோட்டீசு குடுத்துட்டு இருந்தாரு."

சின்னராஜ் மண்டப வாசலைத் திரும்பிப் பார்த்தான்.

"அந்த நோட்டீசு எனக்குத் தெரியும். பந்தியில எலைக்கு எலை கெடந்துச்சு. எங்கப்பா சாம்பார் சிந்தினதைத் தொடச்சாரு அதுல." மறுபடி அவள் பக்கம் திரும்பினான். "ரோடு தாண்டி நின்னயா நீ? ரோடு தாண்டி!"

இத்தனை வருஷக் கோபத்துக்கு நடுவில் இருந்தது ஒரு தார் ரோடு. அது இன்று அவன் கண்ணில் தண்ணீராக நின்றது. மரகதம் அவன் கையைத் தொட்டாள். அவன் உதறவில்லை.

அந்த நேரம் பார்த்துத்தான் பாஸ்டர் வந்து சேர வேண்டுமா? வந்தார். முதல் பந்தியில் உட்கார்ந்து எழுந்த களையோடு வந்தார்.

"மாப்ளே! சௌக்கியமா? எத்தனை நாளாச்சு பாத்து!"

"இருவத்தோரு வருசமாச்சுங்க மாமா. கூறைச் சேலை முனையெல்லாம் புடிக்கலாமுங்களா இப்ப?"

பாஸ்டர் சிரித்தார். "அது கலாச்சாரம் மாப்ளே. விக்கிரகம் இல்ல."

"என்ற கல்யாணத்துல?"

"அன்னிக்கு…" பாஸ்டர் விட்டத்துச் சீரியல் லைட்டைப் பார்த்தார். "அன்னிக்கு எனக்கு அவ்வளவு வெளிச்சம் வரல."

"ஓ. கரண்டு இப்பத்தான் வந்துதுங்களா?"

பக்கத்தில் நின்ற யாரோ சிரித்தார்கள். சின்னராஜ் சிரிக்கவில்லை. மரகதத்தைப் பார்த்தே பேசினான்.

"அக்கா, என்ற பொண்ணுக்கு ஆவணியில கல்யாணம். பத்திரிகை வெக்க ஊட்டுக்கு வாரேன். அத்தைக்காரி நீதான் முன்ன நிக்கோணும். பொட்டு வெச்சுட்டு வா, வெக்காம வா, உன்ற பைபிள எடுத்துட்டு வா. எனக்கு அதெல்லாம் ஒண்ணுமில்ல. ரோட்டத் தாண்டி உள்ள வா, அவ்வளவுதான்."

மரகதம் வாயைத் திறப்பதற்குள் பாஸ்டர் பதில் சொல்லிவிட்டார்.

"பாப்போம் மாப்ளே. ஜெபிச்சுச் சொல்றோம்."

"குமரகுரு கேட்டப்ப எத்தனை நாள் ஜெபிச்சீங்க மாமா?"

கேள்வி அங்கேயே நின்றது. ஏனென்றால் குமரகுருவே வந்து, "என்ன கைலாசம், பால் பாயசம் வந்திருக்குது, ருசி பாக்காமப் போனா எப்படி?" என்று கையைப் பிடித்து இழுத்தார். ஒரு ஆத்துமா அழைக்கும்போது மறுக்க பாஸ்டருக்கு மனசு வரவில்லை. போனார்.

*

திரும்பி வரக் குமரகுருவின் கார். டிரைவர் முன்னால். பின்னால் மூன்று பேர், ஜன்னலோரம் பாஸ்டர்.

இரும்பாலைப் பக்கம் தாண்டின பிறகு அவர் சொன்னார்: "சின்னராசு ஊட்டுக் கல்யாணத்துக்கு வேண்டாம். பத்திரிகை வெக்க வந்தா காப்பி குடுத்து அனுப்பீரு."

"ஏனுங்க?"

"சபை இடறும் புள்ளே, விசுவாசம் ஆடிப்போயிரும். ஒருதரம் போனது ஆத்தும ஆதாயத்துக்கு. அதையே பழக்கமாக்கக் கூடாது. சாட்சி கெட்டுரும்."

"என்ற தம்பிக்கு ஆத்துமா இல்லீங்களா?"

டிரைவர் கண்ணாடியில் ஒருதரம் பார்த்துவிட்டு ரோட்டைப் பார்த்தார்.

"இருக்குது, இருக்குது. எல்லாத்துக்கும் ஒரு காலம் இருக்குது."

"அவனுக்குப் பட்டறை வாடகைங்க. அதனால காலம் வரலீங்களா?"

பாஸ்டர் திடுக்கிட்டுத் திரும்பினார். இத்தனை வருஷத்தில் மரகதம் அவரிடம் அப்படிப் பேசினதில்லை. அவள் குரல் உயரவில்லை. அதுதான் அவருக்குப் பயமாக இருந்தது.

"வாக்குவாதம் பண்ணாத. உபவாச ஜெபத்துக்குப் போறோம்."

வெள்ளிக்கிழமை உபவாச ஜெபம். காலையிலிருந்து பெண்கள் தண்ணீர்கூட வாயில் ஊற்றாமல் ஜெப வீட்டில் பாய் விரித்து உட்கார்ந்திருப்பார்கள். மத்தியானம் பாஸ்டர் வந்து முடித்துவைத்தால்தான் கஞ்சி.

மலை கண்ணுக்குத் தெரிய ஆரம்பித்ததும் பாஸ்டர் முன்சீட்டுகளுக்கு நடுவில் எட்டி, டிஷ்யூ டப்பாவிலிருந்து ஒன்றை உருவி நீட்டினார்.

"தெரு வருது. பொட்ட எடுத்துரு. பூவ இந்தக் கவருல போடு. சங்கிலி பத்திரம், இன்னொருக்கா ஆகும்."

மரகதம் அசையவில்லை.

"நெத்தியில தடம் தெரியுமோ என்னமோ. யாராச்சும் கேட்டா, கல்யாண ஊட்டுல வேண்டாம் வேண்டாங்க வெச்சு உட்டுட்டாங்கன்னு சொல்லு."

அவர் நீட்டின டிஷ்யூவைப் பிரீத்தி வாங்கினாள். அப்பாவின் மோவாயைப் பிடித்து, பிள்ளைக்குத் துடைப்பதுபோல மீசை ஓரத்தில் மெதுவாகத் துடைத்தாள்.

"பாயசம்ப்பா. உபவாசத்துக்குப் போறீங்க."

கார் நின்றது. ஜெப வீட்டுக்குள்ளிருந்து பாட்டு கேட்டது. வயிறு காய்ந்தவர்களின் குரல். இழுத்து இழுத்து வந்தது.

"மரகதம்!" என்றார் பாஸ்டர். டார்கஸ் என்று கூப்பிட மறந்துபோயிருந்தார். "பொட்டு!"

அவள் கதவைத் திறந்து இறங்கினாள். புடவைக் கொசுவத்தை ஒருதரம் தட்டிவிட்டுக்கொண்டு நடந்தாள். பூ ஆடியது. மல்லிகை வாசம் அவளுக்கு முன்னால் வாசற்படி ஏறியது.

சென்னியம்மாள்தான் முதலில் பார்த்தாள். வாசலில் செருப்புகளை வரிசைப்படுத்திக்கொண்டிருந்தவள் நிமிர்ந்து, கையில் ஒற்றைச் செருப்போடு அப்படியே நின்றாள். உதடு வெடித்திருந்தது அவளுக்கு, காலையிலிருந்து நீரில்லாமல்.

"அக்கா… இதென்னக்கா?"

"பொட்டு."

"கல்யாண ஊட்டுல வெச்சு உட்டுட்டாங்களா? அவிங்க அப்படித்தான், வேண்டாம்னாலும் உட மாட்டாங்க."

பாவம், சென்னியம்மாளே பொய்யை எடுத்துக் கையில் கொடுத்துவிட்டாள். ஆமாம் என்று தலையாட்டினால் போதும். பாட்டு நிற்காது. கஞ்சி வரும். ஞாயிற்றுக்கிழமை எப்போதும்போல ஞாயிற்றுக்கிழமையாக இருக்கும். பின்னால் பாஸ்டர் காரிலிருந்து இறங்கி, வேட்டி தடுக்க வேகவேகமாக வந்துகொண்டிருந்தார்.

மரகதம் சென்னியம்மாளின் காதைப் பார்த்தாள். தோடு இருந்த இடத்தில் துளை தூர்ந்து, ஒரு புள்ளி மட்டும் மிச்சம்.

"இல்ல சென்னி. யாரும் வெச்சு உடல. நானே வெச்சேன். பாஸ்டர் வெச்சுக்கச் சொன்னாரு. காலையில அவரேதான் கடையில வாங்கியாந்து குடுத்தாரு. தாலியும்தான்."

உள்ளே பாட்டு ஒவ்வொரு குரலாக நின்றது. கடைசியாக ஒரே ஒரு குரல் கொஞ்ச தூரம் தனியாகப் போய், துணையில்லாமல் நின்றுகொண்டது. பெண்கள் வாசலுக்கு வந்தார்கள். வெறும் நெற்றிகள். வெறும் கழுத்துகள். எல்லாம் மரகதத்தைப் பார்த்து, அவளைத் தாண்டிப் பட்டு வேட்டியைப் பார்த்தன.

சென்னியம்மாளின் கை தானாகக் காதுக்குப் போயிற்று. அந்தப் புள்ளியைத் தடவிக்கொண்டே கேட்டாள். கோபமாகக் கேட்கவில்லை, நிஜமாகவே தெரிந்துகொள்ளக் கேட்டாள்.

"அப்ப என்ற தோடு, பாஸ்டர்?"

பாஸ்டர் பதில் சொல்ல வாயைத் திறந்தார்.

காலையிலிருந்து தண்ணீர் காணாத அத்தனை பேருக்கும் பாயசத்தின் ஏலக்காய் வாசம் வந்தது.